பதினாறு எழுத்துக்குள் மாமியார்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதை மறுக்க வேண்டியிருக்கிறது. அத்தானுக்குச் சளி. எனக்குக் கழுத்துவலி. என் மாமியார் மட்டும் அமோகமாக இருக்கிறார். வானாய்வு மையத்து மலைக்குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. தவிர, போனை எடுத்துக்கொண்டு நான் மொட்டை மாடிக்குப் போனால், காய்ந்த துணி எடுக்கும் சாக்கில் மாமியாரும் பின்னாலேயே ஏறி வருகிறார். ஆபரேஷன் செய்த அந்த முழங்காலோடு. ஆகவே வழக்கம்போல ஆபீஸில் பிறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையில் இருப்பவர்கள் நான் மும்முரமாக வேலை செய்வதாக நினைத்து மரியாதையாக நிற்கிறார்கள்.

விஷயம் அந்தக் கல். ஜனவரியில் வந்தபோது, "என் கணக்குல வானத்துல ஒரு கல் இருக்கு, பேர் வைக்க நவம்பர் முப்பது வரைக்கும்தான் தவணை" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். மறுவாரம் ஆஸ்பத்திரியில் மாமியார் சக்கர நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் அறைக்குள் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அத்தான் சுவரைப் பார்க்கிறார். நான்தான் வாயை விட்டேன். "உள்ள போய்ட்டு வாங்க அத்தை, அந்தக் கல்லுக்கு உங்க பேரையே வைக்கச் சொல்றேன்." உடனே போய்விட்டார்.

இப்போது நன்றாக நடக்கிறார். நடந்து நடந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "என்னம்மா, கல் என்னாச்சு?" என்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் எனக்குச் சிறுநீரகக் கோளாறு என்று நினைத்து அனுதாபத்தோடு வழிவிடுகிறார்கள். சீக்கிரம் பெயரை வைத்து என் மானத்தைக் காப்பாற்று.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காதை மூடிக்கொள்கிறேன்.

பெயர் வைப்பது நீ நினைப்பது மாதிரி இல்லை. சிறுகோள், அதாவது நீ சொல்லும் கல், கண்ணில் பட்டதும் வருஷமும் சில எழுத்துகளும் சேர்ந்த தற்காலிக அடையாளம்தான் கிடைக்கும். சில வருஷம் பின்தொடர்ந்து, பாதை உறுதியானதும் நிரந்தர எண் தருவார்கள். எண் கிடைத்த நாளிலிருந்து பத்து வருஷம் வரை, பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. பெயர்க்குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் ரோமன் எழுத்தில் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். உன் மாமியாரின் முழுப்பெயரை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் மருந்துச் சீட்டு அளவில் வந்து சேர்ந்தது. நீ நலம் என்பதை அதன் ஒரே சொல்லிலிருந்து தெரிந்துகொண்டோம்.

பத்தொன்பது எழுத்தா? பாதியை வெட்டு. முன்பாதியை வை, இல்லையென்றால் பின்பாதியை வை. இருபத்தாறு வருஷமாகப் பெயர் எழுதும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கா கதை சொல்கிறாய்? இங்கேயும் முதலில் பதிவு எண், பெயர் பிறகுதான். நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். கணவன் வீட்டுப் பெயர் ஒன்று, மனைவி வீட்டுப் பெயர் ஒன்று. இரண்டு தாத்தாக்களும் வாசலில் காவல். "குழந்தை எங்கே?" என்று கேட்டேன். ஸ்கூலுக்குப் போயிருக்கிறதாம்.

அந்த மாதிரி ஆகிவிடாதே. மாமியார் தினமும் சாயங்காலம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "அதுவா?" என்று கேட்கிறார். நேற்றுக் காட்டியது எதிர்வீட்டு மாடியின் சிவப்பு விளக்கை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள் அவர்கள் விளக்கைப் போடுவார்களோ.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே தூசு மாதம், தொலைநோக்கிக் கண்ணாடி துடைக்கும் வேலை அதிகம்.

முன்பாதி முடியாது. ஏற்கனவே ஒரு கல்லுக்கு ஏறக்குறைய அதே பெயர் இருக்கிறது. ஒன்றைப் போலவே இன்னொன்று ஒலிக்கக் கூடாது. வளர்ப்புப் பிராணிகளின் பெயரை விரும்ப மாட்டார்கள். வியாபாரப் பெயர் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் தேவதைகளின் பெயராக வைத்தார்கள். தேவதைகள் தீர்ந்துபோனதும் ஊர், நதி, பூ, கணக்கு வாத்தியார் என்று இறங்கி வந்தார்கள். எந்தப் பெயரானாலும் ஏன் அந்தப் பெயர் என்று சில வரி எழுதித் தர வேண்டும். அந்த வரிகள்தான் நிலைக்கும், எல்லோரும் படிப்பார்கள். உன் மாமியாரைப் பற்றி என்ன எழுதுவது?

அவசரப்பட வேண்டாம்.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கண்ணாடிகள் நலமா? உன்னைவிட அவற்றை நீ நன்றாகக் கவனித்துக்கொள்வதால் கேட்கிறேன்.

தேவதைகள் தீர்ந்தபிறகு மாமியார்களுக்கு வராமல் கணக்கு வாத்தியார்களுக்கு எப்படிப் போனீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த நூறு வருஷ விதி மட்டும் பிடித்திருக்கிறது. எங்கள் நகரசபையிலும் அது வந்தால் தெருப்பலகை எழுதுகிற பெயிண்டருக்கு ஓய்வு கிடைக்கும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு விதி எடுத்து விடுகிறாய். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜனவரியில் நீ இங்கே மறந்துவிட்டுப் போன புத்தகத்துக்குள் பெயர்க்குழுவின் சுற்றறிக்கை ஒன்று இருந்தது, முகவரியோடு. ஆகவே காரியத்தை நானே முடித்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் பிறப்புப் படிவத்தையே நிரப்பினேன். குழந்தை பெயர்: மாமியாரின் பின்பாதி. பாலினம்: பெண். பிறந்த இடம்: வானம். தந்தை பெயர்: நீ. தாய் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன். முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. நன்றி சொல்ல வேண்டாம்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

உடம்பு நலம். மற்றதைக் கேட்காதே.

பெயர்க்குழுவிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. தங்கள் பெயரில் ஒரு நகரசபையிலிருந்து பிறப்புச் சான்று வந்துள்ளது, குழுவின் அனுபவத்தில் இதுவே முதல் முறை, விளக்கம் தேவை என்று. எங்கள் இயக்குநர் அதை வரவேற்பறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார். மூன்று கிலோமீட்டர் அகலக் கல்லுக்குப் பிரசவம் எங்கே நடந்தது என்று வாட்ச்மேன் கேட்கிறார். கண்டுபிடித்தவர் மட்டும்தான் முன்மொழியலாம் என்று மார்ச்சிலேயே எழுதினேனே, படித்தாயா?

ஒன்று மட்டும். தாய் பெயர் கட்டத்தில் நீ கோடு போட்டிருக்கக் கூடாது. அந்தக் கட்டம் காலி இல்லை.

பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

காலி இல்லை என்றால் யார் இருக்கிறார்கள்? நாற்பத்தேழு வயதில் இதைக் கடிதத்தின் கடைசி வரியில் சொல்கிற ஆள் நீயாகத்தான் இருப்பாய். நாங்கள் எல்லோரும் நலம், பதற்றத்தைத் தவிர. அத்தான், "ஏதாவது ரெஜிஸ்டர் கல்யாணமா?" என்கிறார். நகரசபைப் பதிவு ஜன்னலில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாமல் அது நடந்திருந்தால் நான் ராஜினாமா செய்ய வேண்டியதுதான். மாமியார் பெண் என்ன உயரம் என்று கேட்கச் சொன்னார்.

தபால் கண்டதும் பதில் எழுது.

அக்கா


செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு உடம்பு காரணம் இல்லை. நீ நினைக்கிற விஷயமும் இல்லை.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். வானத்தின் ஒரே துண்டை இடைவெளி விட்டு மூன்று முறை படம் எடுப்பார்கள். மூன்றையும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். எது நகர்கிறதோ அது கல். காலையில் படங்களைப் பங்கு பிரித்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். எந்தப் பங்கு யார் பெயரில் இருக்கிறதோ, அதில் கிடைப்பது அவர் கணக்கு.

பதினாலு வருஷம் முன்பு எனக்கு எதிர் மேஜையில் ஒருவர் இருந்தார். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். பெயர் சொன்னால் நீ ஜாதகம் வரைக்கும் போவாய், எதிர் மேஜை என்றே வைத்துக்கொள். உன் கடிதங்களை மதியம் அங்கே நான் உரக்கப் படிப்பது வழக்கம். அன்று வந்தது எட்டுப் பக்கம். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரரை உன் மாமியார் மாடி அறையில் வைத்துப் பூட்டிய கதை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. அவர்தான், "நீங்க படிங்க, உங்க பங்கையும் நானே பார்த்துடறேன்" என்றார். பாதிக் கதையில், "இருங்க, இது நகருதே" என்றார். அச்செடுத்து, பென்சிலால் வட்டம் போட்டார்.

பதிவேட்டில் இருந்தது என் பெயர். அறிக்கையிலும் அதுவே போயிற்று. மாற்றச் சொல்லலாம் என்று இருந்தேன். அவரும் பரவாயில்லை என்றார். நான்கு மாதம் கழித்து, இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரம் செய்ய முடியும் என்றார்கள். "இவர் கணக்கில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது" என்று என்னை வைத்துக்கொண்டார்கள். அந்த அறையில் அவரும் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

பெயர் முன்மொழியும் படிவத்தில் முதல் கட்டமே கண்டுபிடித்தவர் யார் என்பதுதான். ஒவ்வொரு வருஷமும் எடுத்து வைக்கிறேன். பெயர் வரைக்கும் போனதே இல்லை.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன்னோடு சண்டை போட வேண்டும். நேரில் வைத்துக்கொள்கிறேன். நவம்பர் முப்பதுக்கு அதிக நாள் இல்லை. இப்போது நான் உனக்கு அக்கா இல்லை, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவள். சொல்கிறபடி செய்.

தப்பான பெயரோடு இருக்கும் பதிவைத் திருத்த வாரம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். முப்பது வருஷம் கழித்து வருகிறவர்கள்கூட உண்டு. மூன்று காகிதம் வேண்டும். ஒன்று, மூலப் பதிவு. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை நகல் எடு. இரண்டு, மூல ஆவணம். அந்த அச்சுப்படம், அவர் போட்ட வட்டத்தோடு. தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். மூன்று, உன் கைப்பட ஒரு வாக்குமூலம். அதில் "தவறுதலாக" என்ற சொல்லைப் போடாதே. எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். உன் விஷயத்தில் தவறுதலாக நடந்தது முதல் நாள் மட்டும்.

பெயர்க்குழுவுக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவர் முகவரியை எனக்கும் அனுப்பு. எட்டுப் பக்கம் எழுதியவள் நான். என் பங்குக்கு நானும் ஒரு கடிதம் போட வேண்டும்.

கல் நம்முடையது இல்லை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாயங்காலம் ஜன்னலை மூடியே வைத்தார். மூன்றாம் நாள் மருந்துக்கடை வரை நடந்து போய்த் திரும்பி வந்து, "யாரோடதோ அவங்ககிட்டயே குடுத்துடச் சொல்லு. முழங்காலைத் திருப்பிக் கேட்க மாட்டாங்க இல்ல?" என்றார்.

அக்கா


நவம்பர் 24

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கழுத்துவலி எப்படி இருக்கிறது? விசாரிக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அது எப்போது ஆரம்பித்தது என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பியின் காகிதங்கள் வந்தன. பெயர்க்குழுவும் எழுதியிருந்தார்கள். பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது. அவர் வாக்குமூலத்தில் ஒரு சொல் குறைவாக இருப்பதாகப் பட்டது. எந்தச் சொல் என்று உங்கள் கடிதம் பார்த்ததும் புரிந்தது.

நான் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். அங்கே படத்தை மாற்றி மாற்றிப் போட்டேன், இங்கே லென்ஸை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். மோசமான வேலை இல்லை. ஆனால் முதல் வருஷம் வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை. அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கும் பத்து வருஷம் தவணை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

பெயரை முன்மொழிந்து அனுப்பிவிட்டேன். ஏன் அந்தப் பெயர் என்ற வரிகளையும் நானே எழுதினேன். ஒப்புக்கொண்டால் நீங்களே படிப்பீர்கள்.

எனக்கு ஒரே ஒரு பாக்கி இருக்கிறது. கதை பாதியில் நின்றுவிட்டது. அந்த ரிப்பேர்காரர் எப்படி வெளியே வந்தார்?

இப்படிக்கு,
எதிர் மேஜை


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இரு. நான் நலமாக இல்லை, இனி இருக்கப் போவதும் இல்லை.

பெயர் வந்துவிட்டது. மாமியாரின் பின்பாதி, ஏழே எழுத்து. கேட்டதும் மருந்துக்கடையில் வைத்தே அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்காரர் ஆர்வத்தில் அந்த வரிகளையும் தேடி எடுத்து, மாமியாருக்கு முன்னால் உரக்கத் தமிழில் சொன்னார்: "இவர் தன் மருமகளின் எட்டுப் பக்கக் கடிதங்கள் வழியாக, தான் ஒருமுறையும் பார்த்திராத ஓர் ஆய்வறையைப் பல வருடங்கள் சிரிக்க வைத்தவர். வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வந்தவரை மாடி அறையில் பூட்டியதற்காக அங்கே இன்றும் நினைக்கப்படுகிறார்."

கடையில் ஏழு பேர் இருந்தார்கள். இந்தக் கல் இருக்கும்வரை இந்த வரியும் இருக்குமாம். கல் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். கோடிக்கணக்கில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமியார் செருப்பைக் கழற்றினார். பிறகு, "என்னைப் பத்தி எழுதினியா?" என்றார்.

"நலமா இருக்கீங்கன்னு எழுதினேன் அத்தை."

"நலத்துக்கு எட்டுப் பக்கமா?"

அத்தான் சுவரைப் பார்த்தார்.

"அதை விடு. நான் எங்க பூட்டினேன்? அவனா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். போன தடவையும் இதையேதானே சரி பண்ணீங்கன்னு கேட்டுக்கிட்டே, கையில கரண்டியோட மாடிப்படி ஏறினியே, உன்னைப் பார்த்து. நீ ஆபீஸ் கிளம்பின பிறகு நான்தான் கதவைத் தட்டி, போயிட்டா, வாப்பான்னு சொல்லி, டீ குடுத்து அனுப்பினேன். டீ குடிக்கிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தான்."

யோசித்துப் பார்த்தேன். கரண்டி ஞாபகம் இருக்கிறது. ஆக, பதினாலு வருஷமாக நான் தப்பான ஆளின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். எதிர் மேஜைக்கு மீதிக் கதையை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டு வாங்கிய பாக்கி.

இப்போது மாமியார் அந்த வரியைத் திருத்தியே ஆக வேண்டும் என்கிறார். சும்மா சொன்னால் திருத்த மாட்டார்கள், மூல ஆவணம் வேண்டும் என்று நான்தான் பழக்கதோஷத்தில் வாயை விட்டேன். "அது உன் தம்பிகிட்டதானே இருக்கு?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, இதோ, நான் எழுதுவதைப் பார்த்தபடி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல எழுதியது:

"தம்பி, கல்லுக்குச் சந்தோஷம். அந்தப் பொண்ணை ஒருதடவை வீட்டுக்கு வரச் சொல்லணும். உங்க அக்கா எழுதின கடுதாசி அத்தனையும் கட்டோட அனுப்பிவை. நடுவுல பக்கம் உருவினா எனக்குத் தெரியும். அவ ஏழு பக்கத்துக்குக் குறைஞ்சு எழுத மாட்டா."

என் வாக்குமூலத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். "தவறுதலாக" என்று எழுதி, அடித்துவிட்டேன்.

அக்கா